பல்லில் தெரிவதும் எலும்பில் மறைவதும்

தருமபுரி மாவட்டத்தின் ஊர்ப்புறங்களில் நாற்பது, ஐம்பது வயதைக் கடந்தவர்களிடையே மூட்டு வலியும் இடுப்புப் பிடிப்பும் கை கால் குடைச்சலும் அன்றாடப் பேச்சில் இடம்பெறும் தொல்லைகள். உழைத்துத் தேய்ந்த உடம்புக்கு வயதானால் வருவதுதானே என்று நோயாளியும் வீட்டாரும் சில வேளைகளில் மருத்துவரும்கூட அவற்றைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் இம்மாவட்டத்தில் அந்த வலிகளில் ஒரு பகுதிக்கு, வயதோடும் உழைப்போடும் சேர்த்து எண்ண வேண்டிய மூன்றாவது காரணம் ஒன்று உண்டு. அது குடிக்கும் தண்ணீரில் ஆண்டாண்டுக் காலமாகக் கரைந்து வந்த புளோரைடு. அதனால் உண்டாகும் புளோரோசிஸ் என்னும் நோய் இங்கே யாருக்கும் புதிதன்று. மாவட்டத்தின் மிகப் பெரிய குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே நோயின் பெயரும் சேர்ந்திருக்கிறது. எனினும் அந்நோயின் வெளித்தெரியும் அடையாளமான பல் கறை பெற்ற கவனத்தை, வெளித்தெரியாத எலும்பு வலி பெறவில்லை. பார்வைக்கு நலமாக இருக்கும் ஒருவரை வேலை செய்யவிடாமல் முடக்கும் அந்த வலி, மருத்துவக் குறிப்பிலும் அரசுப் பதிவேட்டிலும் தனக்கென ஓர் இடம் இல்லாமலே இருந்து வருகிறது.

புளோரின் என்னும் தனிமம் இயற்கையில் தனித்து இருப்பதில்லை. பிற தனிமங்களோடு கூடிப் புளோரைடாகப் பாறைகளில் உறைந்திருக்கிறது. தருமபுரியின் தரை பெரும்பாலும் சார்னோகைட், நைஸ் போன்ற மிகப் பழைய கடினப் பாறைகளால் ஆனது. அவற்றிலுள்ள அப்பட்டைட், பயோட்டைட், ஹார்ன்பிளெண்டு முதலிய கனிமங்களிலிருந்து புளோரைடு சிறிது சிறிதாக நீரில் இறங்குகிறது. பாறை வெடிப்புகளில் நீர் எவ்வளவு காலம் தங்குகிறதோ அவ்வளவுக்குக் கரைசலும் கூடும். நீரில் காரத்தன்மை மிகுந்து கால்சியம் என்னும் சுண்ணாம்புச் சத்து குறைந்திருந்தால், புளோரைடைப் பிடித்து வண்டலாகப் படியச் செய்யும் பொருள் இல்லாமற்போவதால் அது மேலும் கூடும். ஏரியும் திறந்தவெளிக் கிணறும் குடிநீர் தந்த காலத்தில் மழைநீர் அடிக்கடி கலந்து இச்செறிவை ஓரளவு தணித்து வந்தது. கிணறுகள் வற்றி, நூற்றுக்கணக்கான அடி ஆழத்துக்கு ஆழ்துளைக் கிணறுகள் இறங்கியபோது, பாறையில் நெடுங்காலம் கிடந்த நீரே கைப்பம்பு வழியாகவும் மேல்நிலைத் தொட்டி வழியாகவும் வீட்டுக் குடத்துக்கு வந்து சேர்ந்தது. வறட்சிக்குத் தீர்வாக வந்த ஆழ்துளைக் கிணறு இன்னொரு துன்பத்தையும் உடன் கொண்டுவந்ததற்கு அதைத் தோண்டியவர்களைக் குறை கூற முடியாது. குடிக்கத் தண்ணீரே இல்லாத ஊரில் தண்ணீரின் வேதியியலைப் பற்றி யார் கேட்டிருப்பார்கள்? இந்தியத் தர நிர்ணய அமைப்பு ஒரு லிட்டர் குடிநீரில் 1 மில்லிகிராம் வரை புளோரைடு இருக்கலாம் என்றும், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1.5 மில்லிகிராம் வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றும் வரையறுத்திருக்கிறது. தருமபுரியிலும், 2004-இல் அதிலிருந்து பிரிந்த கிருஷ்ணகிரியிலும் இந்த எல்லையைத் தாண்டிய நீராதாரங்கள் ஏராளமாகக் கண்டறியப்பட்டன.

இந்நோயின் இந்திய வரலாறு பழைய சென்னை மாகாணத்திலேயே தொடங்குகிறது. அன்றைய நெல்லூர் மாவட்டத்தின் சில பகுதிகளில், மூட்டுகள் விறைத்து நடக்க முடியாமற்போன உழவு மாடுகளைக் குடியானவர்களே முதலில் கவனித்தார்கள் என்று சொல்லப்படுகிறது. அங்குள்ள மனிதர்களிடம் காணப்பட்ட எலும்பு இறுக்கத்துக்குக் குடிநீரின் புளோரைடே காரணம் என்பதைச் சென்னை கிண்டியிலுள்ள கிங் நோய்த்தடுப்பு ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த ஷார்ட், சி. ஜி. பண்டிட், ராகவாச்சாரி ஆகியோர் 1937-இல் ஆய்விதழில் வெளியிட்டனர். அதே ஆண்டில் டென்மார்க்கில் காய் ரோஹோல்ம் என்ற மருத்துவர், கிரையோலைட் என்னும் புளோரைடுக் கனிமத்தை அரைக்கும் ஆலைத் தொழிலாளர்களிடம் இதே எலும்பு மாற்றங்களைக் கண்டு ஒரு விரிவான நூலை எழுதினார். கோபன்ஹேகன் தொழிலாளிக்கு அது வேலையிடத்து நோய். அரைக்கும் தூசியிலிருந்து அவரை விலக்கினால் போதும். நெல்லூர்க் குடியானவருக்கோ அது வீட்டுப் பானையிலேயே இருந்தது.

பல்லையும் எலும்பையும் புளோரைடு தாக்கும் முறை வேறு. தாக்கும் காலமும் வேறு. பல்லின் மேலுறையான எனாமல் குழந்தைப் பருவத்தில், ஏறத்தாழ எட்டு வயதுக்குள், ஈறுக்குள்ளேயே உருவாகி முடிகிறது. அந்தக் காலத்தில் மிகுதியான புளோரைடை உட்கொண்ட குழந்தையின் நிலைத்த பற்கள் வெண்திட்டுகளோடும், நோய் கடுமையானால் மஞ்சள், பழுப்பு வரிகளோடும் முளைக்கின்றன. எத்தனை முறை துலக்கினாலும் அந்தக் கறை போகாது. அது பல்லின் மீது படிந்ததன்று, பல்லோடு உருவானது. இதனால் சிரிக்கக் கூசும் பிள்ளைகளும், பெண் பார்க்கும் இடத்தில் வாய் திறக்கத் தயங்கும் இளையோரும் பட்ட துன்பம் சிறிதன்று. ஆயினும் பெரும்பாலான கறைப்பற்கள் வலிப்பதில்லை. வலிப்பது எலும்பு, அதை யாரும் பார்க்க முடியாது. புளோரைடு நோய் என்றாலே கறைப்பல் பிள்ளைகளின் படம் நினைவுக்கு வருவதும், கணக்கெடுப்பு என்றால் பள்ளிக்கூடத்துக்குப் போய் வாயைத் திறக்கச் சொல்வதே எளிதாக இருப்பதும் இதன் விளைவுகள்.

குடலில் உறிஞ்சப்படும் புளோரைடில் ஏறக்குறையப் பாதியைச் சிறுநீரகம் வெளியேற்றிவிடுகிறது. உடலில் எஞ்சுவதில் ஏறத்தாழ முழுவதும் எலும்பிலும் பல்லிலும் போய்த் தங்குகிறது. எலும்பின் கனிமப் படிகங்களில் ஹைட்ராக்சைடு இருக்க வேண்டிய இடத்தில் அது புகுந்துகொள்வதோடு, எலும்பைக் கட்டும் செல்களையும் தூண்டிவிடுகிறது. அதனால் எலும்பு தடிக்கிறது, ஆனால் ஒழுங்கற்ற முறையில் தடிக்கிறது. எலும்போடு எலும்பைப் பிணைக்கும் தசைநார்களிலும் தசைநாண்களிலும் சுண்ணாம்பு படிந்து, வளைய வேண்டியவை இறுகுகின்றன. மருத்துவ நூல்கள் இதைப் படிநிலைகளாகப் பிரிக்கின்றன: முதலில் விட்டுவிட்டு வரும் வலியும் காலை நேரத்து மூட்டு விறைப்பும், அடுத்து நீங்காத மூட்டு வலியும் தசைநார்களில் சிறிதளவு சுண்ணாம்புப் படிவும், அதன்பின் மூட்டுகள் அசையாமை, முதுகெலும்பு முள்ளெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளல், கூனல், சிலருக்குத் தண்டுவடம் நெருக்குண்டு கால்கள் செயலிழத்தல். முன்கையின் இரு எலும்புகளுக்கிடையே உள்ள சவ்வில் சுண்ணாம்பு படிந்திருப்பது எக்ஸ்ரே படத்தில் தெரிந்தால், நோய் ஏறத்தாழ உறுதி. இந்த மாற்றம் படத்தில் தெளிவாகத் தெரியும் முன்பே, பல ஆண்டுகள் வலி மட்டும் இருக்கக்கூடும். களைப்பு, தசைச் சோர்வு, வயிற்று உபாதை, மிகுந்த தாகம் ஆகியவையும் எலும்பு மாற்றத்துக்கு முன்பே வருவதுண்டு என்று இந்நோயை நெடுங்காலம் ஆராய்ந்த ஏ. கே. சுசீலா போன்றோர் வலியுறுத்தி வந்திருக்கின்றனர். ஆக, எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்பப்படும் நோயாளி, நோயின் தொடக்கத்தில் இருப்பவராகவும் இருக்கலாம்.

வலியைப் பற்றிய அறிவியலும் அண்மைக் காலத்தில் வெகுவாக மாறியிருக்கிறது. மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் அல்லது மீண்டும் மீண்டும் வரும் வலியை நாட்பட்ட வலி என்று மருத்துவ உலகம் வரையறுக்கிறது. 2019-இல் உலக சுகாதார நிறுவனம் ஏற்று, 2022 முதல் நடைமுறைக்கு வந்த பன்னாட்டு நோய் வகைப்பாட்டின் பதினொன்றாம் பதிப்பில் அது தனி இடம் பெற்றது. விரலில் முள் குத்தினால் வரும் வலி எச்சரிக்கை. முள்ளை எடுத்ததும் அது அடங்கும். ஆனால் மாதக்கணக்கில் ஒரே இடத்திலிருந்து வலிச் செய்தி போய்க்கொண்டே இருந்தால், தண்டுவடத்திலும் மூளையிலும் உள்ள நரம்பு வலைப்பின்னல் கூர்மையேறி, சிறிய தொடுகையையும் பெரிய வலியாக உணரத் தொடங்குகிறது. உறக்கமின்மையும் கவலையும் அந்தக் கூர்மையை இன்னும் ஏற்றுகின்றன. இந்நிலையில் வலியின் அளவுக்கும் எலும்பின் கேட்டுக்கும் நேர்க்கணக்கு இராது. படத்தில் சிறிய மாற்றமே தெரியும் ஒருவர் எழுந்து நடக்க முடியாமல் இருப்பதும், பெரிய மாற்றம் தெரியும் இன்னொருவர் வயலுக்குப் போய்வருவதும் இதனால் நேர்வன. முன்னவர் நடிக்கிறார் என்று கொள்வது அறிவியலுக்குப் பொருந்தாது.

ஆனால் ஊரின் கணக்கு வேறு. கையோ காலோ குறைந்தவருக்குப் பேருந்தில் இடம் கிடைக்கும். நேற்று களை எடுத்துவிட்டு இன்று படுத்திருப்பவருக்குக் கிடைப்பது சோம்பேறிப் பட்டமே. நாட்பட்ட வலியின் இயல்பே ஏற்ற இறக்கம் என்பதால், நல்ல நாளில் செய்த வேலையே கெட்ட நாளில் அவருக்கு எதிரான சாட்சியாகிவிடுகிறது. நிலம் குறைந்த குடும்பங்கள் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் கட்டட வேலைக்கும் பனியன் கம்பெனி வேலைக்கும் போய்வரும் இம்மாவட்டத்தில், உடம்பு ஒன்றே முதலாக இருப்பவர்கள் வலியைச் சொல்வது வேலையை இழப்பதற்குச் சமம். பெண்களின் நிலை இதனினும் கடினம். தண்ணீர்க் குடமும் விறகும் சுமந்து, குனிந்து நிமிரும் வேலைகளை நாள் முழுதும் செய்பவர்கள் அவர்கள். அடுத்தடுத்த பேறுகாலங்களிலும் பாலூட்டும் காலங்களிலும் உடலின் சுண்ணாம்புச் சத்து கரைவதால் புளோரைடின் தாக்கத்துக்கு எளிதில் ஆளாகக்கூடியவர்களும் அவர்களே. பிள்ளை பெற்ற இடுப்பு என்ற ஒரே சொல்லில் அவர்களது வலி முழுவதும் அடக்கப்பட்டுவிடுகிறது.

வலியைச் சொல்ல முடியாதவர் அதை விலைகொடுத்து அடக்குகிறார். மருந்துக் கடையில் சொல்லி வாங்கும் வலி மாத்திரையும், சந்தை நாளில் போட்டுக்கொள்ளும் ஊசியும் ஒன்றிரண்டு நாள் வேலைக்குப் போகும் அளவுக்கு உடம்பை நிமிர்த்தும். டைக்ளோஃபெனாக் முதலிய இந்த வகை மருந்துகளை மருத்துவர் கண்காணிப்பின்றி ஆண்டுக்கணக்கில் உட்கொண்டால் சிறுநீரகம் கெடக்கூடும் என்பது நன்கறிந்த செய்தி. புளோரைடு நோயில் இதற்கு மேலும் ஒரு கேடு உண்டு: உடலிலிருந்து புளோரைடை வெளியேற்றும் முதன்மை வழியே சிறுநீரகம்தான்; அது தளர்ந்தால், குடிக்கும் நீரின் புளோரைடில் எலும்புக்குப் போகும் பங்கு கூடும். வலியைத் தணிக்க எடுத்த மருந்து வலிக்குக் காரணமானதை உடலில் தேக்கிவைக்கும் இந்தச் சுழல், மருத்துவர்கள் நோயாளிகளுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியவற்றில் முதலிடம் பெறத் தக்கது.

நோயின் மூலமான நீரையே மாற்ற வகுத்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் புளோரோசிஸ் தணிப்புத் திட்டத்துக்கு 2008 பிப்ரவரியில் அன்றைய முதலமைச்சர் மு. கருணாநிதி அடிக்கல் நாட்டினார். கர்நாடகத்தில் எழுந்த எதிர்ப்பால் சிறிது காலம் தயங்கி நின்ற இத்திட்டம், ஜப்பான் பன்னாட்டுக் கூட்டுறவு முகமையின் கடனுதவியோடு சுமார் 1,929 கோடி ரூபாய்ச் செலவில் நிறைவேறி, 2013 மே மாதத்தில் அப்போதைய முதலமைச்சர் ஜெ. ஜெயலலிதாவால் தொடங்கிவைக்கப்பட்டது. ஒகேனக்கலில் எடுத்துச் சுத்திகரிக்கப்படும் காவிரி நீர், தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் ஆகிய நகரங்களுக்கும் இரு மாவட்டங்களின் பேரூராட்சிகளுக்கும் ஆயிரக்கணக்கான குக்கிராமங்களுக்கும் மேட்டு நிலத்தில் ஏற்றப்பட்டுச் செல்கிறது. பல இலட்சம் மக்களின் குடிநீரை ஒரே திட்டத்தில் மாற்றிய இது, புளோரைடு நோய்த் தடுப்பில் இந்தியாவின் பெரும் முயற்சிகளுள் ஒன்று என்று தயங்காமல் சொல்லலாம். குறைகளும் உண்டு. மின்தடையாலோ குழாய் உடைப்பாலோ கோடைத் தேவையாலோ ஆற்று நீர் போதாதபோது, மேல்நிலைத் தொட்டியில் ஆழ்துளைக் கிணற்று நீரைக் கலந்து விடுவதாக நாளேடுகளில் அவ்வப்போது செய்தி வருகிறது. அப்படிக் கலந்தால் தணிந்த புளோரைடு மீண்டும் ஏறும், குடிப்பவருக்கு அது சுவையிலும் நிறத்திலும் தெரியாது.

நீர் மாறினாலும் எலும்பு உடனே மாறிவிடுவதில்லை. எலும்பு தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும்போது சேர்ந்த புளோரைடு மெல்ல மெல்ல விடுபடுகிறது. அது பாதியாகக் குறையவே பல ஆண்டுகள் ஆகும். நல்ல நீருக்கு மாறியவர்களுக்கு வயிற்று உபாதையும் சோர்வும் விரைவில் குறையலாம், தொடக்க நிலை மூட்டு வலியும் தணியலாம். சுண்ணாம்பு படிந்து இறுகிய தசைநாரும் ஒட்டிக்கொண்ட முள்ளெலும்பும் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. எனவே இன்று தருமபுரியின் ஒரே வீட்டில், ஆற்று நீர் வந்தபின் பிறந்து வெண்பல்லோடு பள்ளிக்குப் போகும் பேரப்பிள்ளையும், முப்பது நாற்பது ஆண்டுகள் கைப்பம்பு நீரைக் குடித்து எலும்பில் சேர்த்துவைத்த பாட்டியும் ஒன்றாக இருக்கின்றனர். திட்டத்தின் வெற்றியைப் பிள்ளையின் பல்லை வைத்து அளக்கும்போது அது உண்மையான வெற்றிதான். அந்த அளவுகோலில் பாட்டி வரமாட்டார். கண்ணுக்குத் தெரியும் அடையாளம் மறைய மறைய, நோயே ஊரைவிட்டுப் போய்விட்டது என்ற எண்ணம் வலுத்து, மூத்தவர்களின் வலி மறுபடியும் வெறும் வயதின் கணக்கில் சேர்ந்துவிடும் வாய்ப்பு பெரிது.

சட்டமும் இதில் தயங்கியே நிற்கிறது. 1995-ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டம் ஏழு வகைகளையே ஏற்றது. அதற்கு மாற்றாக வந்து 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, அதை இருபத்தொன்றாக விரித்தது. இரத்தம் உறையாமை நோயான ஹீமோஃபிலியா, தலசீமியா, சிவப்பணுக்கள் அரிவாள் வடிவில் வளைந்து தாங்கொணா வலியைத் தரும் அரிவாள் செல் நோய் ஆகிய வெளித்தெரியாத நோய்கள் முதன்முறையாக அப்பட்டியலில் இடம்பெற்றன. இது பெரிய மாற்றம்: உறுப்புக் குறையில்லாத ஒருவரும் மாற்றுத்திறனாளியாகலாம் என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்டது. நீண்ட காலக் குறைபாடும் சமூகத்தின் தடைகளும் சேர்ந்து ஒருவரின் முழுமையான பங்கேற்பைத் தடுப்பதே ஊனம் என்னும் அச்சட்டத்தின் பொது விளக்கத்துக்குள் நாட்பட்ட வலி எளிதில் அடங்கும். ஆனால் சான்றிதழ் வழங்கப்படுவது பட்டியலை வைத்து. பட்டியலில் புளோரோசிஸும் இல்லை, நாட்பட்ட வலியும் இல்லை. நோய் முற்றி மூட்டு இறுகியவர் இயக்கக் குறைபாடு என்ற வகையில் நுழையலாம். அங்கே அளக்கப்படுபவை பெரும்பாலும் மூட்டு எத்தனை பாகை மடங்குகிறது, தசைக்கு எவ்வளவு வலு இருக்கிறது என்பவையே. மாத ஓய்வூதியமானாலும், ஊரக வேலைத் திட்டத்தில் மாற்றுத்திறனாளிக்கென வந்த குறைந்த வேலை நேரச் சலுகையானாலும், வாசலில் கேட்கப்படுவது மாற்றுத்திறனாளி அட்டையும் அதிலுள்ள ஊன விழுக்காடும். சலுகைக்குத் தேவையான நாற்பது விழுக்காட்டை எட்டுவதற்குள் உழைக்கும் வயது முடிந்துவிடுகிறவர்களுக்கு இந்த ஏணியில் முதல் படியே இல்லை.

சான்றிதழ் கேட்காத வேறொரு வழியும் உண்டு. இலண்டன் கேட்விக் விமான நிலையத்தில் 2016 முதல், வெளித்தெரியாத குறைபாடு உடையவர்கள் விரும்பினால் கழுத்தில் அணிந்துகொள்ளச் சூரியகாந்திப் பூப் போட்ட பட்டை ஒன்று வழங்கப்படுகிறது. அதைக் கண்ட ஊழியர் காரணம் கேட்காமல் பொறுமை காட்ட வேண்டும் என்பது ஏற்பாடு. பின்னர் இது பல நாடுகளுக்குப் பரவியது. தருமபுரி மாவட்டத்தின் பென்னாகரம் நகரப் பேருந்துக்கு அது பொருந்துமா என்பது வேறு கேள்வி. வலியுள்ளவர் கழுத்தில் ஓர் அடையாளத்தை மாட்டிக்கொண்டு ஊருக்குள் நடப்பது, வேலை தருபவரிடம் அவரை மேலும் பலவீனமாக்கவும் கூடும்.

சிகிச்சையைப் பொறுத்தவரை, எலும்பில் சேர்ந்த புளோரைடைக் கழுவி எடுக்கும் மருந்து எதுவும் இல்லை. புளோரைடு குறைந்த நீர், நல்ல உணவு, முறையான உடற்பயிற்சி, வலி மேலாண்மை ஆகியவையே உள்ளன. உணவின் பங்கு பலரும் எண்ணுவதைவிடப் பெரிது. குடலில் கால்சியம் இருந்தால் அது புளோரைடோடு கூடி, உறிஞ்சப்படும் அளவைக் குறைக்கிறது. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் 1973-இல், முழங்கால்கள் உள்நோக்கி வளைந்து இடிக்கும் கடுமையான நிலையைப் புளோரைடு மிகுந்த பகுதியின் இளையோரிடம் கண்டு விவரித்தபோது, சத்துக் குறைவின் பங்கையும் சேர்த்தே ஆராய்ந்தனர். தருமபுரியின் பழைய உணவான கேழ்வரகுக் களியில் இந்தச் சத்து மிகுதி: 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் கால்சியம் உண்டு, தீட்டிய அரிசியில் 10 மில்லிகிராம் அளவே. இம்மாவட்டத்தின் இன்னொரு விளைபொருளான புளியைப் பற்றியும் அதே நிறுவனம் பள்ளிச் சிறுவர்களிடம் ஒரு சிறிய ஆய்வு நடத்தி, புளி சேர்த்துக்கொண்டபோது சிறுநீரில் வெளியேறும் புளோரைடு கூடுவதைக் கண்டது; புளிக்குழம்பை மருந்தாக்கிவிட அந்த ஒரு சிறிய ஆய்வு போதாது, ஆனால் மேலும் ஆராயத் தகுந்த செய்தி. மறுபுறம், தேயிலைச் செடி மண்ணிலிருந்து புளோரைடை இலையில் சேர்த்துக்கொள்ளும் இயல்புடையது என்பதால், பசியடக்கப் பலமுறை குடிக்கும் பாலில்லாத கடுந்தேநீர் இந்நோயாளிகளுக்கு ஏற்றதன்று.

வலி மேலாண்மையில் முதன்மையானது, நல்ல நாளில் எல்லா வேலையையும் செய்து முடித்து அடுத்த மூன்று நாள் படுத்துவிடாமல், நல்ல நாளிலும் கெட்ட நாளிலும் ஒரே அளவாக வேலையையும் ஓய்வையும் பிரித்துக்கொள்வது. கூலி வேலையில் இது கடினம். ஆனால் வீட்டார் புரிந்துகொண்டால் பாதியளவேனும் இயலும். முழு ஓய்வு நன்மை தராது, அசையாத மூட்டு மேலும் இறுகும். இதற்கு வழிகாட்ட இயன்முறை மருத்துவர் தேவை. 2021 ஆகஸ்ட் 5-ஆம் நாள் அண்டை மாவட்டமான கிருஷ்ணகிரியின் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இரத்த அழுத்தம், நீரிழிவு மாத்திரைகளோடு வீட்டுக்கே வரும் இயன்முறை சிகிச்சையும் வலி தணிப்புச் சேவையும் சேர்க்கப்பட்டுள்ளன. மத்திய அரசின் தேசியப் புளோரோசிஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுத் திட்டத்திலும் தருமபுரி இடம்பெற்றிருக்கிறது. ஒன்று வீடு தேடிப் போகிறது, மற்றொன்று இந்நோயையே நோக்கமாகக் கொண்டது. இரண்டும் ஒரே வாசலில் சந்தித்தால் போதும்.

அங்கே செய்ய வேண்டிய முதற்சோதனைக்கு எக்ஸ்ரே கருவியும் வேண்டாம். முழங்காலை மடக்காமல் குனிந்து கால் விரலைத் தொடுதல், முகவாயை மார்பில் படுமாறு தலையைக் குனிதல், கைகளைப் பக்கவாட்டில் நீட்டிப் பின் மடக்கிப் பிடரியைத் தொடுதல் என்னும் மூன்று அசைவுகளில் எது இயலவில்லை, எதில் வலிக்கிறது என்று குறித்துக்கொண்டு, ஐயமுள்ளவர்களைச் சிறுநீர்ப் பரிசோதனைக்கும் எக்ஸ்ரேக்கும் அனுப்புவதே நடைமுறை. மாத்திரை கொடுக்க எப்படியும் படியேறும் பணியாளர், 2013-க்கு முன் எத்தனை ஆண்டுகள் எந்தக் கிணற்று நீரைக் குடித்தீர்கள் என்ற கேள்வியையும் சேர்த்துக் கேட்டால், மாவட்டத்தில் இந்த வலியோடு வாழ்பவர் எத்தனை பேர் என்பது முதன்முறையாகத் தாளில் ஏறும். 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் அட்டவணையில், வகைகளெல்லாம் முடிந்தபின், மத்திய அரசு அறிவிக்கும் வேறு எந்த வகையும் என்று ஒரு வரி கடைசியாக உள்ளது. அந்த வரியின் கீழ் எலும்புப் புளோரோசிஸைச் சேர்க்கக் கோருபவர்கள் கையில் எடுத்துச் செல்ல வேண்டியது அந்தத் தாளைத்தான்.